நீ சொல்லாத ஜெபக்குறிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பாவும் தம்பியும் நானும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை, கேட்டால் சுகம்தான் என்று பொய் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் என் கோபம் போய்விடும், கோபம் போய்விட்டால் சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும். இந்த முறை முழுசாகச் சொல்லியே தீருவது என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் நடுவில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன் மேல் பாயாதே, உனக்குக் கொடுத்த வாக்கை அவனால் முடிந்தவரைக்கும் காப்பாற்றினான். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் சாட்சி சொல்லும் நாள் என்பது உனக்குத் தெரியும், போன மாதம் அது நம் வீட்டில் நடந்தது. வழக்கம்போல நான் எழுந்து நின்று, தூர தேசத்தில் இருக்கிற என் மகளுக்கு நல்ல சரீர சுகத்தைக் கொடுத்து, வேலையில் உயர்வையும் கொடுத்து, ஒரு குறையும் இல்லாமல் நடத்தி வருகிறதற்காக ஸ்தோத்திரம் என்று சொன்னேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி மட்டும் புத்தகக் கட்டை அப்படியே டிவி மேல் வைத்துவிட்டு சமையலறைக்குள் போய்விட்டான். வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். எல்லோரும் போன பிறகு போய்ப் பார்த்தால், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டு நிற்கிறான். என்னடா என்றேன். திரும்பாமல், குழாயைப் பார்த்துக்கொண்டே, அம்மா இனிமே அக்காவுக்கு ஸ்தோத்திரம் சொல்லாதீங்க, என்னால கேக்க முடியல என்றான். அப்புறம் எல்லாம் வந்தது. கழுத்தில் கட்டி, ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த பரிசோதனை, ஆபரேஷன், தைராய்டில் பாதியை எடுத்தது, எடுத்ததில் கெட்ட அணு இருப்பதாக ரிப்போர்ட் வந்தது, வரும் மாத நடுவில் மீதிப் பாதியையும் எடுக்க நாள் குறித்திருப்பது. நின்ற இடத்திலேயே கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

ஆபரேஷன் எந்தக் கிழமை நடந்தது என்று கேட்டேன். அதற்கு முந்தின மாதக் கடைசி வெள்ளியாம். அன்றைக்கும் நான் எழுந்து நின்று இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். நீ மயக்கம் தெளிந்து தொண்டை எரிந்துகொண்டு படுத்திருக்கிறாய், இங்கே ஒரு கூடம் நிறைய ஆட்கள் உன் சுகத்துக்காகக் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கிறோம். நீ அன்றைக்கு ஆமென் சொன்னியாடா என்று தம்பியைக் கேட்டேன். சொன்னேம்மா என்றான். அவனுக்கும் ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது, இருபத்தாறு வயதுப் பையனை எங்கே அடிப்பது.

என் வேலை என்ன என்று உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் முழுக்க ஆபரேஷன் அங்கிகளைத்தான் மடிக்கிறேன். நாடாக்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வரும், பிரித்து, நீவி, முதுகுப் பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். மடிக்கும்போது இதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் யாரோ, அவரைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொல்வது என் பழக்கம். சொல்லாமல் கை ஓடாது. அந்த வெள்ளிக்கிழமையும் யார் யார் பெற்ற பிள்ளைகளுக்காகவோ ஜெபம் பண்ணி மடித்து அடுக்கிவிட்டுத்தான் வந்தேன். என் பிள்ளை எங்கேயோ அதே மாதிரி ஓர் அங்கியில் நாடாவை யார் கட்டிவிடுவார்கள் என்று கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு இதை நினைத்தால் உன்னை ஓங்கி அறைய வேண்டும் போல வருகிறது, உடனே உன் கழுத்துத் தையல் நினைவுக்கு வருகிறது, அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

ஏன் சொல்லவில்லை என்று தம்பி உன்னைக் கேட்டானாம். வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்பா ஆக எனக்கு இஷ்டம் இல்லடா என்றாயாம். அந்த வார்த்தையில் நியாயம் இருப்பது உண்மைதான். நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றபோது நீ இந்தக் கூடத்தில்தான், இதே நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, எனக்காக ஜெபியுங்கள் என்று அழுதாய். அந்த வாரம் முடிவதற்குள் தையல் கடையில் அளவெடுக்கிற பெண் உன்னிடமே துக்கம் விசாரித்தாள். நீ சொன்ன விஷயம் கண், காது, மூக்கெல்லாம் வைத்து உனக்கே திரும்பி வந்தது. ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்று சொல்லியே ஊர் முழுக்கச் சொல்கிற வித்தை நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. உனக்குச் செய்தது அநியாயம். அதில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அதிலிருந்து நீ எடுத்துக்கொண்ட முடிவு இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அங்கே ஒரு சபையைக் கண்டுபிடித்திருக்கிறேன் அம்மா, கடைசி வரிசையில் உட்காருவேன், முடிவில் ஆசீர்வாதம் சொல்வதற்குள் வெளியே வந்துவிடுவேன், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், என் பெயர்கூட யாருக்கும் தெரியாது, நிம்மதியாக இருக்கிறது என்று நீ போனில் சொன்னபோது, நான் என்னவோ நல்ல ஒழுங்கான சபை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உன் பெயர் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து எழுந்து வருவதற்கு எதற்கு சபை, பஸ் நிறுத்தம் போதாதா. காலையில் தனியாக வேதம் வாசிக்கிறேன், வேலைக்குப் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்கிறேன், முன்னைவிட இப்போதுதான் விசுவாசம் ஆழமாகியிருக்கிறது என்று சொல்கிறாய். ஆழமாகியிருக்கலாம், நான் அளந்து பார்க்கவில்லை. கத்தி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் ஒரு மனுஷியிடம் வாய் திறந்து எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாத விசுவாசம் எனக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

நீ தானாக முளைத்து வந்தவளா. சின்னப் பிள்ளையில் வாய்விட்டு ஜெபம் பண்ண வராமல் நீ என் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது, நம் ஜெபத்துக்கு வருகிற தச்சர் அண்ணன்தான், ரெண்டு வார்த்தை போதும் கண்ணு, அவருக்கு நேரம் இருக்கு என்றார். நீ அப்பா, நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய், கூடமே நீ பெரிய பிரசங்கம் பண்ணியது மாதிரி ஆமென் சொன்னது. காலேஜ் போன புதிதில் கடவுளே இல்லை என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தாயே, ஒருத்தராவது உன்னை வெளியே போ என்றார்களா. ஜெபத்தில் கீபோர்டு வாசிக்கிற சித்தி என்ன செய்தாள், நம்பிக்கை இல்லன்னா பரவால்ல, எனக்குக் கண்ணு தெரியல, வந்து பக்கத்துல உக்காந்து தாளைப் புரட்டிக் குடு என்றாள். ஒரு வருஷம் நம்பாமலே புரட்டினாய். என்றைக்கு நம்பத் தொடங்கினாய் என்று உனக்கே தெரியாது, ஒரு நாள் தாளைப் புரட்டிக்கொண்டே நீயும் பாடிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். உன்னை வளர்த்ததும் இவர்கள்தான், உன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டதும் இவர்கள்தான். தையல் கடையில் போய்ச் சொன்னது அதே சித்திதான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் சும்மா விட்டேன் என்று நினைக்காதே. அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபம் சித்தி வீட்டில். சாட்சி நாள் இல்லை, ஆனாலும் முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றேன். போன வாரம் நான் சொன்ன ஸ்தோத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கிறேன் என்றேன். யாருக்கும் புரியவில்லை. என் மகளுக்கு ஒரு கஷ்டம், பெத்தவகிட்டகூட அவ சொல்லல, சொன்னா இந்தக் கூடத்துக்கு வந்துடும்னு பயந்து சொல்லல, அவ ஏன் பயந்தான்னு இங்க எல்லாருக்கும் தெரியும் என்றேன். உனக்கு என்ன என்று நான் வாயைத் திறக்கவில்லை, பயப்படாதே. பின்னாலிருந்து யாரோ மெதுவாக, என்ன கஷ்டம்னு சொன்னா குறிப்பா ஜெபிக்கலாமே அக்கா என்றார்கள். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. குறிப்பா தெரிய வேண்டியவருக்குக் குறிப்பாத் தெரியும், உங்களுக்கு வேணும்னா அவர்கிட்டயே கேட்டுக்குங்க என்றேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

சித்தி கீபோர்டு மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். சுவிட்சை அணைத்துவிட்டு, நான்தான் என்றாள். தையல் கடையில சொன்னது நான்தான், ஜெபிக்கத்தான் சொன்னேன்னு இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், அந்தப் பொண்ணு ஜெபிக்கிற ஆளே இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் தேற்றவில்லை. தேற்றுகிற நிலைமையில் நான் இல்லை. தச்சர் அண்ணன் முட்டி வலியோடு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று ஜெபம் பண்ணினார். ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு என்னன்னு எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கிற யோக்கியதையும் எங்களுக்கு இல்ல, அவளுக்கு சுகத்தைக் குடும், எங்க வாய்க்கு ஒரு பூட்டக் குடும் என்றார். கொஞ்சம் நிறுத்தி, அவளுக்கும் கொஞ்சம் புத்தியக் குடும் என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வரிக்கு நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறேன், சலவைக்கூட வாசலில் சித்தி நிற்கிறாள். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வரைக்கும் கூட நடந்தாள். மறுநாளும் வந்தாள். இன்றைக்கும் வந்தாள். வீட்டுக்கு வெளியே ஒரு புது வண்டி நின்றாலே யாருது, எவ்வளவு, யார் வாங்கிக் கொடுத்தது என்று மூச்சுவிடாமல் கேட்கிறவள், உனக்கு என்ன ஆயிற்று என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வி வாய் வரைக்கும் வருகிறது, விழுங்குகிறாள், பக்கத்தில் நடக்கிற எனக்குத் தெரிகிறது. எனக்கு அவள் மேல் கோபம் தீர்ந்தபாடில்லை, ஆனாலும் அவள் வர ஐந்து நிமிடம் பிந்தினால் நின்று பார்க்கிறேன். நீ அவளை மன்னிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை, அது உனக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது. இந்த வயதில் அவளே வளருகிறாள், அதைத்தான் சொல்கிறேன்.

உன் அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், மறைக்கிற வேலை நமக்குள் இனி வேண்டாம் என்று. பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டார், செய்தி பார்த்தார், பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டு தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகளுக்குக் கழுத்தில் எந்தப் பக்கம் கீறினார்கள் என்று தெரியாமல் ஒரு தாய் நிற்க வேண்டியிருந்தது, அதற்கு உன்னை நான் லேசில் விடமாட்டேன். பதில் எழுதும்போது அதை முதல் வரியாக எழுது, அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், வாயால் கேட்பதில்லை. அவளத் திட்டி எழுதாத என்று மட்டும் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் தம்பி சொன்னான், சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. அழைத்துப்போக ஆள் வராமல் ஆஸ்பத்திரியில் வெளியே விடமாட்டோம் என்று சொன்னதால், நீ உன் கட்டட வாட்ச்மேனுக்குப் போன் பண்ணி, அவர் வந்து உன் மாமா என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாராம். நிறமும் வேறு, மொழியும் வேறு, எந்த ஊர் மாமா என்று அவர்கள் கேட்காமல் விட்டது ஆச்சரியம்தான். அந்த மனிதர் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டு வந்து, பையைத் தூக்கி, மாடி வரைக்கும் ஏற்றிவிட்டு, சாயங்காலம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டும் போனாராம். அவருக்கு நம் ஆண்டவரைத் தெரியுமோ தெரியாதோ, அவரை என் ஜெபத்தில் உனக்கும் முன்னால் வைத்திருக்கிறேன். நீ இன்னும் அவரை வெறும் வாட்ச்மேன் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவந்தால் நடக்கிறது வேறு. மாமா என்று ஒரு முறை சொல்லிவிட்டாய், இனி மாமாதான்.

நான் வருவதற்கு அலைந்துகொண்டுதான் இருக்கிறேன். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஆள், நீங்கள் சொல்கிற தேதிக்குள் நடக்காது அம்மா என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டார். நாளைக்கும் போவேன், அவர் நாலாவது விதமாகச் சொல்லட்டும். வரமுடியாது என்று ஆனபோது ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். நீ போகிற சபைப் போதகரின் நம்பரை தம்பி எப்படியோ தேடி எடுத்துக் கொடுத்தான். அவனுடைய போன் ரிப்பேர் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன், திறந்து போட்ட போன்களுக்கு நடுவில். நம்பரைப் போட்டுவிட்டேன், அழுத்தவேண்டியதுதான் பாக்கி. ஐயா, உங்கள் கடைசி வரிசையில் ஒரு பெண் உட்காருகிறாள், அவள் என் மகள் என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் கதையை இன்னொருவரிடம் சொன்னால் எனக்கும் சித்திக்கும் என்ன வித்தியாசம். ஜெபிக்கத்தான் சொன்னேன் என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆக, உனக்காக நான் செய்யக்கூடிய ஒரே காரியத்தையும் செய்யாமல் எழுந்து வந்தேன். எனக்குள்ள கோபத்தில் பாதி இதுதான், இதை வேறு யாராலும் செய்ய முடியாது, நீதான் செய்ய வேண்டும், நீ செய்வாயா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரிடமும் சொல்லச் சொல்லவில்லை. சாட்சி சொல்லு என்று சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் முடிகிற வரைக்கும் உட்கார். முடிந்த பிறகு எழுந்து ஓடாமல் நில். நாற்காலி மடிக்கிறவர்கள் இருப்பார்கள், எல்லாச் சபையிலும் இருப்பார்கள், வாய் பேசாமல் நாற்காலி மடிக்கிற ஒருத்தி நிச்சயம் இருப்பாள். அவள் பக்கத்தில் போய் நீயும் ரெண்டை மடி. அவளிடம் உன் பெயரைச் சொல். அப்புறம் கழுத்தைக் காட்டு. அவளும் உன்னை நோகடிக்கலாம், அதற்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது, மனுஷர்தானே. ஆனால் நோகடிக்கிற மனுஷர் இல்லாத இடமாகப் பார்த்து வளருவேன் என்றால் நீ வளரவே மாட்டாய், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தண்ணீர்க் குடத்தையோ கனமான பையையோ தூக்காதே. குளிரில் கழுத்துக்கு மெல்லிய துணியைச் சுற்று, ஆனால் வடுவை மறைக்கிறதற்காகச் சுற்றாதே. மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருப்பார்கள், காபி குடித்துவிட்டுப் போடாதே, உன்னை எனக்குத் தெரியும். தம்பி கடையை மாடிக்கு மாற்றிவிட்டான், வாடகை அதேதான், படி ஏற ஆட்கள் முனகுகிறார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், போகமாட்டேன் என்கிறார், நீ சொன்னால் போவார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மருத்துவருடைய கையைத் திடப்படுத்துவாராக, உன் பிடிவாதத்தை அவரே உடைத்து, உடைத்த இடத்தில் அவரே கட்டுப் போடுவாராக. போன ஆபரேஷன் அன்றைக்கு வாசலிலேயே நர்ஸ் உன்னைப் பார்த்து, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாராம், நீ யாரும் இல்லை என்று சிரித்தாயாம். வருகிற மாதமும் கேட்பார்கள். அப்போது நீ திரும்பி ஒருத்தியைக் காட்ட வேண்டும். அது நானாக இல்லாமல் போவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வேன். யாருமே இல்லாமல் போனால் பொறுக்கமாட்டேன். அவள் பெயரை எழுதி அனுப்பு. அன்றைக்குப் பகல் முழுக்க அங்கி மடிக்கும்போது, உன் பெயரோடு சேர்த்துச் சொல்ல எனக்கு அந்தப் பெயர் வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா